ஏழாவது வாரம்

ஆறு வாரம் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன்,
சம்பளம் வேண்டாம் என்று எழுதியிருந்தேன்.
பகாவ் தோட்டப் பள்ளியிலிருந்து ஒரே வரி:
ஏழாவது வாரம் யார்?

நிறுவனம் அனுப்பிய படத்தில்
செம்பனை நிழல், சிரிக்கும் பிள்ளைகள்.
ஒருவருக்கும் பெயர் போடவில்லை.
என்னிடம் வாங்கும் கட்டணம் மட்டும் தெளிவாக இருந்தது.

போன் போட்டுக் கேட்டேன்:
இப்போது அந்த வகுப்பில் யார் நிற்கிறார்?
தமயந்தி. தற்காலிக ஆசிரியை.
நான் இலவசமாக வந்தால்
அவள் மோட்டார் தவணை நின்றுபோகும்.

பிறகு அவளே அழைத்தாள்.
"வாங்க. பின்னால உட்காருங்க, படம் எடுக்காதீங்க.
லோகேந்திரனுக்கு பி, டி குழம்பும் லா."

அவனுக்குத்தான் அட்டை வெட்டுகிறேன்.
பழக்குலை லாரி போகிறது.
சத்தம் அடங்கும்வரை வகுப்பு நிற்கிறது,
கத்தரிக்கோலும்.