இரண்டு சோப்புக்கட்டி

எல்லையை மூடி ஐந்தாவது வருடம்.
நமாங்காவில், தடுப்புக் கம்பத்தின் மேல்
ஒரு பெருநாரை உட்கார்ந்திருந்தது.
இரண்டு நாட்டுக் காவலர்களும்
அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நஷிபாய் சாலை வழியே வரவில்லை.
மாடுகள் வரும் வழியே வந்தாள்,
முள்மரங்களுக்கிடையில், விடியுமுன்,
ஒரு கன்றை முன்னே விட்டு.
பிடித்துக் கேட்டால்
கன்று தப்பி ஓடிவிட்டது என்பாள்.

என் சித்தி மகள்.
அவள் வாழப்போனது கென்யா, நான் தான்சானியா.
கல்யாணத்தின்போது எங்களுக்கு அவை
மலைக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம்,
அவ்வளவுதான்.

அங்கே அவர்களுக்கு ஒரு சொல் தந்தார்கள்: ஹரம்பே.
எல்லோரும் சேர்ந்து இழுங்கள்.
இங்கே எங்களுக்கு ஒன்று: உஜமா.
எல்லோரும் ஒரே குடும்பம்.
இரண்டையும் நாக்கில் போட்டுப் பார்த்திருக்கிறேன்.
இரண்டும் இனிக்கத்தான் செய்தன.

குடும்பத்தில் சேர்க்க எங்களை லாரியில் ஏற்றினார்கள்.
கூரையைப் பிரித்து முடித்த பிறகு
'விருப்பத்தோடு வந்தவர்கள்' என்று
நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.
சாலையோரம் கோடு கிழித்ததுபோல் வீடுகள்.
மாடு கோட்டில் மேயாது என்ற கொய்யாக்கியைப்
பிற்போக்குவாதி என்றார் செயலாளர்.
அதற்கு எங்கள் மொழியில் என்ன என்று
அவன் நிஜமாகவே கேட்டான்.

கூட்டுறவுக் கடை அலமாரிகள் மிகச் சுத்தம்.
துடைப்பதற்கு எடுத்துவைக்க எதுவுமில்லை.
ஆனால் மாலை நான்கு மணிக்கு
மரத்தடியில் ஒரு கரும்பலகை.
முப்பத்தொன்பது வயதில் என் பெயரை எழுதினேன்.
பால் கறக்கும் பிடியில்
சாக்பீஸ் பொடியானது. இன்னொன்று தந்தார்கள்.

நஷிபாய்க்குக் கரும்பலகை வரவில்லை.
தகரக் கூரை வந்தது. ரேடியோ வந்தது.
மேய்ச்சல் நிலத்தைச் சங்கிலி போட்டு அளந்து
ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு தாள் தந்தார்கள்.
ஆள் என்றால் ஆண்.

பால்கவருக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தாள்.
"லெகிஷோன் இதில் கட்டைவிரல் வைத்திருக்கிறான்.
என்ன எழுதியிருக்கிறது, சொல்."

ஆங்கிலம்.
எங்கள் மரத்தடியில் சுவாஹிலி மட்டும்தான்;
பருத்திக்கு எப்போது மருந்தடிப்பது என்றும் படித்தோம்,
எங்கள் ஊரில் பருத்தியே இல்லை.
ஆனால் எழுத்து அதே எழுத்து. எண்ணும் அதே.
விரல் வைத்துப் போனேன்:
லெகிஷோன். அவன் தகப்பன் பெயர்.
நாற்பத்திரண்டு.
யாரோ ஒரு பெயர். அதன் பின்னால்
நைரோபி.

"நாற்பத்திரண்டா?" என்றாள்.
அவர்களுக்கு இருந்ததே
நாற்பத்திரண்டு ஏக்கர்.

கன்றின் காதிலிருந்து ஓர் உண்ணியைப் பிடுங்கி
நகத்தில் வைத்து நசுக்கினாள்.
பிறகு வேறெதையோ கேட்பதுபோல்:
"உங்களை லாரியில்தானே ஏற்றினார்கள்?"
ஆமாம்.
"எங்களுக்கு லாரிகூட வரவில்லை."

போகும்போது இரண்டு சோப்புக்கட்டியை
என் மடியில் வைத்தாள்.
கூலியா, உறவா, நான் கேட்கவில்லை.
வெளிச்சம் வந்துவிட்டது. கன்று வர மறுத்தது.
இழுத்துக்கொண்டு போனாள், தனியாக.

அன்று மாலை வகுப்பில்
செயலாளர் பாதி வாக்கியத்தில் நிறுத்தி
மூக்கை உறிஞ்சினார்.
"யார் மேல் இந்த வாசனை?
எல்லை தாண்டிய சரக்கு யாரிடம்?"

நாங்கள் எல்லோரும் குனிந்து
அவரவர் கையை முகர்ந்து பார்த்தோம்.
இரண்டு கட்டியையும் நூலால் அறுத்து
பதினோரு துண்டாக்கியிருந்தேன்.
ஒன்பதாவது துண்டு
அவர் மனைவியிடம் இருந்தது.