மூடாமல் வா

பத்தொன்பதாம் நாளும் மூழ்கவில்லை.

நார்ஃபோக்கிலிருந்து இழுத்து வரும் முன்பே
பெயரின் மேல் சாம்பல் பெயின்ட் அடித்துவிட்டார்கள்.
வெயில் சாயும்போது மட்டும்
பெயின்டுக்கு அடியில் எழுத்து புடைக்கும்.
காகிதத்தில் அது ‘இலக்கு’.
நாங்களும் அப்படியே சொல்லப் பழகினோம்,
ஆரின் டால்மேஜ் தவிர.
அவன் ‘இவள்’ என்பான்,
பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளைச் சொல்வதுபோல்.

என் வேலை உணர்கருவி ஒட்டுவது:
தளத்துக்குத் தளம், அறைக்கு அறை,
ஆயிரத்து நானூற்றுச் சொச்சம்.
பிறகு ஐந்து மைல் தள்ளி நின்று
எண்ணிக்கை கேட்பது.
சத்தம் வந்து சேருமுன்னே கடல் வெளுக்கும்.
வெள்ளைச் சுவரொன்று எழும்பி,
சற்று யோசித்து,
விழும்.
ஒரு தும்மல் தும்மியதுபோல் கப்பல் அசைந்துவிட்டு
மறுபடி தன் நிழல்மேல் உட்காரும்.

புகை அடங்கியதும் உள்ளே போவோம்.
கொதிகலன் அறையில் கட்டிவைத்த பொம்மைக்கு
ஒரு கால் போயிருந்தது.
படிவத்தில் எழுதினேன்: வலது, முழங்காலுக்குக் கீழ்.
அந்த இடத்தில் முப்பது வருஷம்
யார் யாரோ பையன்கள் நின்றார்கள் என்று எழுதப்
படிவத்தில் கட்டம் இல்லை.

டொலீடோவிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது.
வெண்டல் ப்ரூயிட், முன்னாள் கொதிகலன் ஆள்.
‘மூன்றாம் தளம், நடுப் படுக்கை, தலைமாட்டுத் தகரம்.
ஒரு பெயர் கீறியிருக்கும்.
என் மனைவி பெயர் அல்ல.
முடிந்தால் சுரண்டிவிடுங்கள்.’
தேடிப் பிடித்தேன். கொரின்.
ஆணியால், அவசரமில்லாமல் கீறிய எழுத்து.
இரண்டரை மைல் ஆழத்தில்
எந்த மனைவி வந்து வாசிக்கப் போகிறாள்?
விட்டுவிட்டேன்.
‘சுரண்டியாயிற்று’ என்று பதில் போட்டேன்.

இருபத்துநாலாம் நாள் மேலிடம் சொன்னது:
தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது,
இனி மூழ்கட்டும்.
அடித்து மூழ்காததை
உள்ளே வெடி வைத்து மூழ்கடிக்க வேண்டும்.
அதற்கு முன் கதவுகளைத் திறந்துவைக்க வேண்டும்.
திறக்க ஆரினை அனுப்பினார்கள்.

இருபத்திரண்டு வருஷம்
இதே கப்பலில் கதவு மூடவைப்பதே அவன் உத்தியோகம்.
தீ, வெள்ளம், பயிற்சி, நள்ளிரவு மணி:
‘உன் பின்னால் வருகிற தண்ணீர் தட்டிக்கொண்டு வராது,
மூடிவிட்டு வா.’
ஒரு கைப்பிடி தளர்ந்திருந்ததற்காக
ஒருவனை நாற்பது தடவை மூடித் திறக்க விட்டவன்.

இப்போது காதில் ரேடியோ:
‘மூடாமல் வா, ஆரின். எதையும் மூடாமல் வா.’
டார்ச் வெளிச்சத்தில் நான் பின்னால் நடந்தேன்.
எட்டுக் கைப்பிடி ஒரு கதவுக்கு.
ஒவ்வொன்றாய்த் தள்ளுவான்,
கதவைச் சுவரோடு சாய்த்துக் கொக்கி மாட்டுவான்,
உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைப்பான்.
நூற்றுப் பதினேழு கதவு.
பேச்சே இல்லை.

கடைசியில் பம்ப் அறை.
அதற்கு ஒற்றை நெம்புகோல்தான்.
திறந்தான், பார்த்தான், வெளியே வந்தான்,
ஏணியில் ஒரு கால் வைத்தவன்
திரும்பாமலே பின்னால் கை நீட்டிக்
கதவை இழுத்து நெம்புகோலை அழுத்தினான்,
வீட்டில் விளக்கணைப்பதுபோல்.
ஏறிப் போய்விட்டான்.
கவனித்தானா, தெரியாது.
நான் கவனித்தேன்.
நானும் ஏறிப் போய்விட்டேன்.

கணக்குப்படி இரண்டு மணி நேரம்.
ஆறு மணி நேரம் நின்றாள்.
இடப்பக்கம் தாழ்ந்து, ஓடுதளத்தில் அலை ஏறி,
முன்பாதி போன பிறகும்
பின்னால் எதுவோ பிடித்துக்கொண்டிருந்தது.
பொறியாளர்கள் பென்சிலைக் கடித்தார்கள்.
என் திரையில் மற்றதெல்லாம் இருட்டு,
ஒரு புள்ளி மட்டும் பச்சை:
1114, பம்ப் அறை. ஈரம் இல்லை.
ஈரம் இல்லை.
ஈரம் இல்லை.
ஆரின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.
காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது.

பிறகு ஆன்டெனா தண்ணீருக்குள் போனது.
பச்சை அணைந்ததே தவிர
ஈரம் என்று அது கடைசிவரை சொல்லவில்லை.

அறிக்கையில் ஒரு வரி:
‘எதிர்பாராத மிதப்பு. காரணம் தெரியவில்லை. ஆராயத் தக்கது.’
கையெழுத்துப் போட்டேன்.
இடத்தை யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று
இன்னொரு தாளிலும் போட்டேன்.
இனிமேல் கட்டப் போகும் கப்பல்களுக்காக
யாரோ அந்த நாலு மணி நேரத்தை
இன்னும் தேடிக்கொண்டிருக்கலாம்.

இழுவைப் படகில் அன்று இரவு
கழிப்பறைக் கதவு
அலைக்கு அடித்துக்கொண்டே இருந்தது.
யாரும் எழவில்லை.
ஆரினின் படுக்கையைப் பார்த்தேன்.
விழித்துத்தான் படுத்திருந்தான்.