துணை அட்டை

மண்டபத்துக்கு ஏழாயிரத்து இருநூறு வெள்ளி.
குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் எந்திரம்,
மூன்று அறைக்கும் குளிரூட்டி,
ஹேமநாதன் நீட்டிப் படுத்தாலும்
கால் வெளியே தொங்காத ஒரு மெத்தை.
பொங்கோலில் வீட்டுச் சாவிக்கு
இன்னும் பதினொரு வாரம்.

"எப்படியும் செலவழிக்கத்தானே போறோம்,
அதையே மைல் ஆக்கிட்டா என்ன?"
ஆரம்பித்தது நான்தான்.

காப்பிக்கடை மேசையில் மடிக்கணினி, இரண்டு தே ஓ.
விரிதாளில் நான்கு வங்கி, நான்கு நிறம்.
ஒன்று வெள்ளிக்கு நாலு மைல் தரும்,
மாதம் ஆயிரம் தாண்டினால் வாயை மூடிக்கொள்ளும்.
ஒன்று பணத்தையே திருப்பித் தரும்,
பெட்ரோலுக்கும் மளிகைக்கும் மட்டும்;
எங்களிடம் காரும் இல்லை, அடுப்பும் வரவில்லை.
ஒன்று புதிதாய்ச் சேர்பவருக்கு உருளும் பெட்டி கொடுக்கும்.
ஒன்றின் புள்ளிகளுக்குக் காலாவதியே கிடையாதாம்.
ஹேம் சிரித்தான்:
"மனுஷனுக்கே அந்த உத்தரவாதம் இல்ல."

இரவு ஒரு மணிக்குக் கணக்குப் போட்டேன்.
மெத்தையில் ஏறினால் ஹாங்காங்.
குளிரூட்டியும் சேர்ந்தால் தைப்பே.
ஹொக்கைடோவுக்கு ஒரு சோஃபா குறைந்தது.
எங்கள் இருவருக்குமே சோஃபா பிடிக்காது.
இருந்தும் இரண்டு சனிக்கிழமை
சோஃபா சோஃபாவாக உட்கார்ந்து எழுந்தோம்.

பிறகு ஊர் குறுக்கே பேசத் தொடங்கியது.
தேக்காவில் நகைக்கடைக்காரர்
தாலியைத் தராசிலிருந்து எடுக்காமலே சொன்னார்,
"கார்டுன்னா ரெண்டரை சதவீதம் கூடும்மா."
பந்திச் சமையலுக்குப் பேநவ் மட்டும்.
நாதஸ்வரத்துக்கு உறையில் வைத்து.
தரைக்கு ஓடு பதிக்கும் திரு. கோ
காசோலையையே சந்தேகமாய்ப் பார்த்தார்.
கோயிலில் ரசீது உண்டு, புள்ளி இல்லை.

மிஞ்சியது மண்டபமும் மின்சாதனமும்.
"உன் சம்பளம்தான் கூட, உன் பேர்ல போடு" என்றேன்.

செவ்வாய்க்கிழமை போட்டான்.
வியாழக்கிழமை, பதில் வந்ததைச் சொல்லாமல்,
எல்ஆர்டியில் ஒரு முழுச் சுற்று
என்னை ஏற்றிக்கொண்டு சுற்றினான்.
கோவ், மெரிடியன், கோரல் எட்ஜ், ரிவியேரா.
பெயரில் மட்டும் கடலும் ஊரும் இருக்கிற
கடலூர் நிலையத்தில்
கதவு திறந்து மூடும் நேரத்துக்குள் சொன்னான்.

அண்ணனின் உணவங்காடிக் கடைக்கு
இவன் பெயரில் எடுத்த கடன்.
எங்களுக்கு வீடு குலுக்கலில் விழுந்த பிறகுதான்.
கடை எட்டு மாதம் நடந்தது.
கடன் இன்னும் நடக்கிறது.
அவன் பெயருக்கு எதிரே ஓர் எழுத்து இருக்கிறதாம்.
எல்லா வங்கியும் படிக்கிற எழுத்து.
நான் மட்டும் படிக்காதது.

கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.
"அப்புறம் ஏன் சோஃபா பார்க்க வந்தே?"
"நீ சந்தோஷமா இருந்தே."

எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் மெய் என்று
தொடக்கப்பள்ளியில் படித்தது.
புள்ளி தேடிப் போன எனக்கும்
கிடைத்தது அதுதான்.

மூன்று நாள் பேசவில்லை.
நாலாம் நாள், பாக்கி எவ்வளவு என்று கேட்டேன்.
விரிதாளில் ஐந்தாவதாக ஒரு நிறம் அடித்தேன்.
அதற்கு மைல் எதுவும் கிடையாது.
ஹொக்கைடோ இருந்த வரிசையில்
மாதத் தவணை உட்கார்ந்துகொண்டது.

என் பெயரில் விண்ணப்பித்தேன்.
சின்ன வரம்பு, சாதாரண அட்டை, பெட்டி இல்லை.
கடைசிப் பக்கம் ஆங்கிலத்தில் கேட்டதை
நான் தமிழில் படித்தேன்:
துணை அட்டை வேண்டுமா?
துணையின் பெயர்?
உறவு?
கணவர், பெற்றோர், பிள்ளை, மற்றவர்.
பதினொரு வாரம் முந்திக்கொண்டதால்
அவன் மற்றவர்.
அதற்குக் கீழே எறும்பு அளவு எழுத்தில்:
துணை செய்யும் செலவு அனைத்துக்கும்
முதல் அட்டைக்காரரே பொறுப்பு.
இரண்டு முறை படித்தேன்.
குறி போட்டேன்.

அட்டை வந்த அன்று அதே காப்பிக்கடை.
அவன் அதை எடுத்துப் பெருமையாய் நீட்டினான்,
தன் பெயர் மேலே தெரியும்படி.
தே ஓ போடும் ஆண்ட்டி
ஈரக் கையை ஆட்டி விரட்டினாள்:
"காசு, காசு."

பைக்குள் துழாவிச்
சில்லறை எண்ணி வைத்தான்,
எனக்கும் சேர்த்து.