சராசரி

புதுவயல் சுகாதார நிலையத்து மொட்டை மாடியில்
கருவியை இறக்கி வைத்தோம்.
வெள்ளை வடிதாள். எடை குறித்தாயிற்று.

"ராத்திரி ரெண்டு மணிக்கு மேலதான் மேடம் நெல்லு அவிப்பான்,
கரி அப்பத்தான் இறங்கும்"
என்றார் நர்ஸ் இருதயமேரி.
படிவத்தில் இரண்டு மணிக்குத் தனிக் கட்டம் இல்லை.
இருபத்து நாலு மணி நேரத்துக்கும் சேர்த்து
ஒரே எண்.

மறுநாள் இடுக்கியால் எடுத்தேன்.
உமிச்சாம்பல் ஏறி
நனைந்த பூனையின் நிறம்.
கணக்குப் போட்டால் எண்பத்தொன்பது.
வரம்பு நூறு.
ஆலை வாசலில் இளநீர் வெட்டினார்கள்;
குடிக்கவில்லை என்று சொல்ல ஆசை. குடித்தேன்.

கீழே நெபுலைசர் பதிவேடு:
2.40, செல்லாயி, அறுபத்தொன்று.
3.05, அழகுநாச்சி, நாலு வயது.
3.20, அவள் அம்மா.
காற்று எந்தத் திசை என்று யாரும் எழுதவில்லை.
எல்லா முகவரியும் மேலத் தெரு.

காரைக்குடி திரும்பும் ஜீப்பில்
நகல் மடியில் படபடத்தது.
பின்னிணைப்பில் வைத்தால்
யாரும் புரட்டப் போவதில்லை.

அறிக்கையின் முதல் பக்கத்தில்
எண்பத்தொன்பதுக்கு மேலே
3.05 என்று தட்டினேன்.
மேலதிகாரி கேட்பார்,
இதற்கு என்ன அலகு என்று.