தண்ணீருக்கு முன்னால்

காலை ஐந்தரை. அரசலாற்றுப் பாலத்தடியில்
மணலில் ஒரு துண்டு கறுத்து நகர்ந்தது.
பாம்போ என்று நின்றேன். தண்ணீர்.

இரண்டு விரற்கடை உயரம்தான்.
சருகு, தெர்மாகோல், ஒற்றைச் செருப்பு,
எல்லாவற்றையும் நுரையோடு தள்ளிக்கொண்டு
குடிவந்த வீட்டில் பூனை நுழைவதுபோல்
ஒவ்வொரு குழியாய் முகர்ந்து, நிரப்பி,
அப்புறம்தான் அடுத்த அடி.

நான் தண்ணீர் பார்க்கக் கிளம்பியவளில்லை.
ஒரு நாள் லீவு. பழைய சைக்கிள், புது டியூப்,
டப்பாவில் நாலு இட்லி.
காரைக்கால் வரைக்கும் ஆற்றோடு போய்
பஸ் கூரையில் சைக்கிளைப் போட்டுத் திரும்புவது.
அவ்வளவுதான்.
மிதித்தேன். அது பின்தங்கியது.

முதல் மதகில் ஒருவர்
பனியனோடு பல் விளக்கிக்கொண்டிருந்தார்.
"எங்க வருது?"
எது என்று நான் கேட்கவில்லை.
"பின்னாலயே. ஒரு மணி நேரத்துல வந்துரும்."
துப்பிவிட்டு ஓடினார்
ஷட்டர் சாவி எடுக்க.

அதற்கப்புறம் கரை நெடுக
யாரும் கேட்கவில்லை
தனியாவா என்று,
வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று,
பொம்பளைக்கு எதுக்கு இத்தனை தூரம் என்று.
எங்க வருது? எங்க வருது?
வருஷத்தில் ஒரு நாள்
எனக்குப் பதில் தெரிந்த கேள்வி.

ஆனி மேல்காற்று முதுகில் கைவைத்துத் தள்ள
எரவாஞ்சேரி தாண்டியும் மிதி கனக்கவில்லை.
பருத்திக்காட்டில் மடி கட்டிய பெண்கள்
நிமிர்ந்தார்கள்.
தவமணி என்றொருத்தி கரையேறி வந்து
என் பாட்டிலை வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னாள்:
"இன்னும் நாலு நாள் கழிச்சு வரச்சொல்லு.
கடைசி எடுப்பு பாக்கி இருக்கு."
ஆற்றின் மேனேஜர் நான் என்பதுபோல.
சொல்கிறேன் என்றேன்.

வெயில் ஏற ஏற
என் செய்தி பழசாகிக்கொண்டு வந்தது.
"காலையில கும்பகோணத்துல பாத்தேன்,
மணிக்கு ஒரு மைல்னு வெச்சா..."
பள்ளிக்கூடத்து ரயில் கணக்கு.
அதில் ரயில் எங்கேயும் நின்று
கோரையைச் சுற்றிக்கொண்டு போகாது.
மணல் அள்ளிய பள்ளம்
ரயிலைக் குடிக்காது.
கணக்கு தப்பும் என்று தெரிந்தே
நாலு ஊருக்கு நாலு மணி சொன்னேன்.

பூந்தோட்டத்துக்கு இப்பால் கருவேல முள்.
பின்சக்கரம் உட்கார்ந்தது.
சைக்கிளைக் கவிழ்த்து டியூபை உருவினேன்.
ஓட்டை தெரியவேண்டுமானால்
முக்கிப் பார்க்க வாளித் தண்ணீர் வேண்டும்.
பக்கத்திலேயே ஆறு. முழுக்க மணல்.
சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம்,
அப்புறம் கன்னத்தருகே டியூபை நகர்த்தி நகர்த்தி
தோலிலேயே கண்டுபிடித்தேன்,
குழந்தை மூச்சு மாதிரி ஒரு இழை.

ஒட்டிக் காய்வதற்குள் கடல்காற்று திரும்பிவிட்டது.
எதிரே கிழக்கு. ஒவ்வொரு மிதிக்கும் ஒரு சண்டை.
காரைக்கால் இன்றைக்கில்லை என்று
முட்டிதான் முதலில் ஒத்துக்கொண்டது.

இறங்கித் தள்ளினேன்.
ஆற்றுக்குள் பையன்கள்,
நடு மணலில் சுண்ணாம்புக் கோடு,
கருவேலங்குச்சி மூன்று, கரையில் ஸ்கோர் பலகை.
அபினேஷ் என்கிற கேப்டன்
ஓடிவந்த வேகத்தில் பந்தைக் கையிலேயே நிறுத்தினான்.
"அக்கா, தண்ணி எங்க வருது?"

என்னிடம் இருந்தது பத்து மணி நேரப் பழைய தண்ணீர்.
"நாளைக்குள்ள வந்துரும்" என்றேன்.

சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன்.
முகங்கள் ஒருவரையொருவர் பார்த்தன.
ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்த ஃபைனல்.
எதிரணி அக்கரையில் மாடு ஓட்டிக்கொண்டிருந்தது.
அபினேஷ் வாயில் இரண்டு விரல் வைத்து அடித்த விசிலில்
கொக்கு ஒன்று எழுந்து போனது.

"இப்பவே ஆடிருவோம்டா! வெளிச்சம் இருக்கு!"

மாடுகளைப் பூவரசில் கட்டினார்கள்.
என் சைக்கிள் ஸ்கொயர் லெக் எல்லை.
நான் அம்பயர்,
யாருக்கும் சொந்தக்காரி இல்லை என்பதால்.

காசு சுண்டப்பட்டது.
மேற்கே பார்த்தேன். எதுவும் தெரியவில்லை.
மணல் இன்னும் சுட்டது, செருப்பைத் தாண்டி.

"எத்தனை ஓவர்?"

"ஆறு."