வெறும் தண்ணீர்த் தட்டு

தடப்பள்ளி வாய்க்கால் மேட்டுப் பார்த்தீனியம்,
பூப்பதற்கு முன்னால் பறித்தது.
கையுறை போட்டுத்தான் பறித்தேன்.
ஒன்பது நாள் நிழலில் காய்ந்து
மிக்சியில் பொடியாகி
ராத்திரி முழுக்க ஊறி
மல்துணி வழியே இறங்கியபோது
கருப்பட்டிக் காப்பி நிறம்.

நூற்றுக்கு ஐந்து, பத்து, பதினைந்து, இருபது.
தட்டுக்குப் பத்துப் பாசிப்பயறு.
ஐந்தாம் தட்டுக்கு வெறும் தண்ணீர்.

ஏழாம் நாள் நூல் வைத்து வேர் அளந்தேன்.
தண்ணீரில் ஆறரை சென்டிமீட்டர்.
இருபதில்
பல்லிடுக்கு நார் போல ஏதோ ஒன்று,
நுனி கருகி,
வெளியே வந்ததற்கு வெட்கப்படுகிற மாதிரி.
ஐந்தில் மட்டும் ஏழு.
தண்ணீரைவிட நீளம்.
திரும்பப் போடு என்றார் வழிகாட்டி.
போட்டேன். ஏழே கால்.
கொஞ்சமாய்க் கொடுத்தால் விஷமும்
முதுகில் தட்டிக்கொடுக்கும் போலிருக்கிறது.
அதை எப்படி எழுதுவதென்று தெரியாமல்
பென்சிலில் குறித்து வைத்தேன்.

தொட்டிச் செடி இலையை அசிட்டோனில் அரைத்தால்
சாறு ஏற ஏறப் பச்சை குறைகிறது.
புரதம் சரிகிறது.
புரோலின் மட்டும் ஏறுகிறது,
வாடும் பயிர் தனக்குத்தானே காய்ச்சிக்கொள்ளும் கஞ்சி.
நின்ஹைட்ரின் விட்டுக் கொதிக்கவைத்து
டொலுவீன் ஊற்றிக் குலுக்கினால்
மேலெழும்பி நிற்கும், ரோஸ் நிறத்தில்.
கஷ்டம் இவ்வளவு அழகாக இருக்குமென்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.

சனிக்கிழமை மறுபடி செடிக்குப் போனேன்.
கள்ளிப்பட்டிப் பக்கம் தட்டைப்பயறுக் காடு.
களை பிடுங்கும் ஆட்களில் ரத்தினாம்பாள்,
பத்தாவதில் என் பெஞ்சு.
"ஏம்புள்ள, நாங்க காசுக்குப் புடுங்கி எறியறோம்,
நீ பை கொண்டாந்து பொறுக்கறே?"
சிரித்தபடியே முழங்கையைச் சொறிந்தாள்.
மணிக்கட்டிலிருந்து மேலே
கம்பளிப்பூச்சி ஊர்ந்த தடிப்பு.
எத்தனை வருசமா?
"அத யாரு கணக்கு வெச்சா.
பொழுதோட தேங்காயெண்ண,
விடிஞ்சா மறுக்கா காடு."

நூற்றுக்கு எத்தனை என்று
அவள் கையைக் கேட்க முடியாது.
கையுறையைக் கழற்றி நீட்டினேன்.
மாட்டிக்கொண்டு ஒரு செடியை இழுத்தாள்.
தண்டு கையோடு வந்தது.
"வேரு எங்கிருக்குன்னே தெரியலயே இதுல"
உருவித் திருப்பித் தந்தாள்,
உள்பக்கம் வெளியே வந்திருந்தது.

திங்கட்கிழமை
அதையே போட்டுக்கொண்டு புதுத் தட்டுகள் வைத்தேன்.
அந்த வாரம் வெறும் தண்ணீரில்
ஒன்பதுதான் முளைத்தது.
சொத்தை விதையாக இருக்கலாம்.