சுரண்டிய இடம்

மசோதாவை மூன்று முறை வாசிக்க வேண்டும்.
இரண்டாம் வாசிப்புக்கும் மூன்றாவதற்கும் நடுவில்
வைமண்ட் டார்பிஷர் செத்துப்போனார்.

லட்லோ கோட்டைச் சிறையில், காய்ச்சலில்.
காவலர் எழுதிய கடிதம்
ஒன்பது நாள் மழையில் நனைந்து வந்தது.
கணப்பருகே அதை உலர்த்தியவன் நான்:
வெஸ்ட்மின்ஸ்டரில் பிரதி எழுதுகிறவன்,
தோலுக்கு இத்தனை பென்னி என்று கூலி.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்.
நீதிமன்றம் என்றால் சாட்சி வேண்டும்,
பன்னிரண்டு பேர் வேண்டும்,
கூண்டில் நிற்க மூச்சுள்ள ஓர் ஆள் வேண்டும்.
தீர்ப்புக்கு முன் மூச்சு நின்றுவிட்டால்
நிலம் வாரிசுக்கு.
அரசருக்கு ஒரு வரப்புகூடக் கிடையாது.
மசோதாவுக்கு இதெல்லாம் வேண்டாம்.
ஆட்டுத்தோல், மை,
பசி நேரத்தில் கூடிய ஓர் அவை.

நான் நேர்மையானவன் என்று சொல்ல வரவில்லை.
இறந்தவர் பெயருக்கு முன்னால்
காலஞ்சென்ற என்று எழுதிப் பழகிய கை
அன்றும் எழுதிவிட்டது.

தலைமை எழுத்தர் ஸ்டோக்ஹில்
தோள்மேல் குனிந்து பார்த்தார். வெங்காய வாடை.
"செத்தான் என்று யார் சொன்னது?"
கடிதத்தைக் கொடுத்தேன்.
மடித்தார்; ஈரம் காயாத இடத்தில் கிழிந்தது.
"பிரபுக்களில் ஒருவர் எழுந்து
பிணம் என்ன துரோகம் செய்யும் என்று கேட்டால்
பேச்சு வளரும். சுரண்டு."

பேனாக்கத்தியால் சுரண்டினேன்.
தோல் மாவாக உதிர்ந்தது. ஊதினேன்.
ஒரு சொல்தான்.

மறுநாள் மூன்றாம் வாசிப்பில்
செத்துப் பத்து நாளான மனிதர்
எழுந்து உட்கார்ந்து துரோகியாகி
சாகக் கடவது என்று விதிக்கப்பட்டார்.
ஒருவர் இருமினார். வேறு ஆட்சேபம் இல்லை.

அவர் இரத்தம் கறைபட்டது என்பது சட்டம்.
இரத்தக் கறை எனக்குத் தெரியும்,
விரல் வெட்டிக்கொண்டால் உப்புத் தண்ணீர் போதும்.
கறைபட்ட இரத்தத்தை எதில் ஊறவைப்பது?

ஷ்ராப்ஷயரிலிருந்து பறிமுதல் பட்டியல் வந்தது.
அதையும் நான்தான் பிரதியெடுத்தேன்.
வெள்ளிக் கரண்டி ஒன்பது.
சாம்பல் நிறக் குதிரை ஒன்று, இடக்கண் தெரியாது.
ஆடு இருநூற்றுப் பதினான்கு.
ஒரு தொட்டில், கால் உடைந்தது, நான்கு பென்னி.
மனைவி தாமசின், உடுத்திய துணியோடு விடப்பட்டார்.
அந்த வரியின் ஓரத்தில்
"ஆறு மாதம்" என்று யாரோ குறித்து
விலை எழுதும் கட்டத்தில்
என்ன போடுவதென்று தெரியாமல்
ஒரு கோடு இழுத்திருந்தார்கள்.

அந்தக் கோடு
இருபத்திரண்டு வருடம் கழித்து
என் மேசைமுன் வந்து நின்றது.
பெவிஸ் டார்பிஷர். ஷ்ரூஸ்பரியில்
கம்பளி வியாபாரியிடம் கணக்கெழுதுகிறானாம்.
விரல் நுனியில் என்னைப் போலவே மை.
இரத்தத்தை மீட்டுத்தரும் மசோதாவுக்கு
மனு கொண்டுவந்திருந்தான்.
நிலம் கேட்க மாட்டேன் என்று
முதல் வரியிலேயே எழுதச் சொல்லியிருந்தார்கள்.
எழுதியிருந்தான்.

பழைய தோலைப் பார்க்க வேண்டும் என்றான்.
"அப்பா போன தேதி அம்மாவுக்குத் தெரியாது.
அதனால் கோடை முழுக்க
எந்த நாளில் வேண்டுமானாலும் அழுவாள்."

சுருளை விரித்தேன்.
பெயரைத் தேடிப்போன விரல்
பெயருக்கு ஒரு சொல் முன்னாலேயே நின்றது.
மென்மையாக இருந்திருக்கும்.
தோலை ஜன்னலுக்கு நேரே தூக்கினான்.
அந்த இடத்தில் மட்டும்
வெளிச்சம் கொஞ்சம் தாராளமாக வந்தது.

"இங்கே என்ன இருந்தது?"

"எழுத்துப் பிழை" என்றேன்.

தலையாட்டினான்.
கணக்கெழுதுகிறவனுக்குப் பிழை புரியும்.
கட்டணம் ஆறு ஷில்லிங் எட்டுப் பென்னி;
எண்ணி வாங்கிக்கொண்டேன்.

அன்றிரவு புதிய மசோதாவில்
காலஞ்சென்ற வைமண்ட் டார்பிஷரின் மகன்
என்று எழுதினேன்,
முதல் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக.
யாரும் சுரண்டச் சொல்லவில்லை.

ஆனால் அது இரவில்.
பகலில், அவன் படியிறங்கும் சத்தம்
முழுக்கத் தேய்ந்த பிறகுதான்
ஜூன் ஒன்பது என்று சொன்னேன்,
மைக்கூட்டிடம்.